என்னையே நோக்கி: துன்பியல் நாயகனின் செருக்கு

துன்பியல் நாயகர்களை அவர்களுடைய செருக்கு உயர்த்துகிறதா, சீரழிக்கிறதா என்பது கேள்வி. ‘இரண்டும்தான்’ என்று சொல்லி நழுவிவிடலாம். என் பதிலும் இரண்டும்தான், ஆனால் நழுவுவதற்காகச் சொல்லவில்லை. ஒருவனுடைய செருக்கில் நல்ல பங்கு இவ்வளவு, கெட்ட பங்கு இவ்வளவு என்று கூறுபோட முடிந்தால் அந்தக் கதை துன்பியலே ஆகாது. எந்தச் செயல் அவனை அழிக்கிறதோ அதே செயலில்தான் அவன் பெரியவனாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவன் வெறும் வீம்புக்காரன். பெரியவனையும் வீம்புக்காரனையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதற்கு முன் வகுப்பறைச் சூத்திரம் ஒன்றை ஓரங்கட்ட வேண்டியிருக்கிறது.

‘நாயகனிடம் ஒரு குறை இருக்கும், பெரும்பாலும் அது செருக்கு, அதனால் அவன் வீழ்வான், இது அரிஸ்டாட்டில் சொன்னது.’ இப்படித்தான் பலரும் படித்திருக்கிறோம். அரிஸ்டாட்டில் இதைச் சொல்லவில்லை. கவிதையியலின் 13ஆம் அதிகாரத்தில் அவர் பேசுவது ஒரு பெரும் பிழையைப் பற்றி. ஒழுக்கக்கேட்டால் வீழாமல் பிழையால் வீழ்பவனே சரியான நாயகன் என்கிறார். எடுத்துக்காட்டாக ஈடிபஸைச் சொல்கிறார். சொஃபக்லிஸ் நாடகத்து ஈடிபஸ், யாரென்று தெரியாமலே தன் தந்தையைக் கொன்று தாயை மணந்தவன்; அவன் செய்தது தெரியாமல் செய்த பிழை. செருக்கு அந்த இடத்தில் வரவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் தேர்வுத்தாள் திருத்திய அனுபவத்திலிருந்து ஈ. ஆர். டாட்ஸ் 1966இல் எழுதிய கட்டுரை இந்தத் தவறான வாசிப்பை நன்றாகவே பிரித்துக் காட்டியது. ஆனாலும் சூத்திரம் சாகவில்லை. அதே அதிகாரத்தில் அரிஸ்டாட்டில் இன்னொன்றும் சொல்கிறார்: தீயவன் வாழ்ந்து கெடுவதைக் காட்டினால் இரக்கமும் வராது, அச்சமும் வராது. கர்வம் பிடித்தவன் தண்டனை பெற்றான் என்பதுதான் கதை என்றால் நாம் திருப்தியோடு எழுந்து போயிருப்போம். அழுதிருக்க மாட்டோம்.

வழி என்று நான் சொன்னது இதுதான். பெரிய துன்பியல்கள் எல்லாவற்றிலும், முடிவுக்குச் சற்று முன்னால், நாயகன் தப்பிக்க ஒரு வாய்ப்பு வரும். பெரும்பாலும் அவனை நேசிக்கிற ஒருவரே அதைக் கொண்டுவருவார். அவன் மறுப்பான். மறுக்கும்போது என்ன காரணம் சொல்கிறான், யாருடைய கண்ணுக்கு அஞ்சி மறுக்கிறான் என்று பாருங்கள். ‘நான் யார் என்று எனக்கு நானே வைத்திருக்கும் கணக்குக்கு இது பொருந்தாது’ என்பது ஒரு வகை மறுப்பு. ‘மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்பது இன்னொரு வகை. முதலாவது ஆளை உயர்த்துகிறது, இரண்டாவது சிறுக்க வைக்கிறது. சிக்கல் என்னவென்றால், நல்ல கவிஞன் இரண்டையும் ஒரே மனிதனுக்குள் வைத்துவிடுகிறான்.

கம்பனின் இராவணனைவிட இதற்குத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அவனுடைய செருக்கு யுத்த காண்டத்தில் இடத்துக்கு இடம் குணம் மாறிக்கொண்டே போகிறது. முதலில் மந்திராலோசனை. அங்கே கும்பகருணன் அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்: ‘பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று, நம கொற்றம்!’ நம் வாயில் மானம், நெஞ்சில் காமம் என்று தம்பியே உரித்துக் காட்டிவிட்டான். ஆனால் அதே பேச்சில் அவனே இன்னொன்றும் சொல்கிறான்: இனி அவளை விட்டுவிட்டால் நாம் எளியவர்களாகிவிடுவோம், போரிட்டுச் செத்தால் அதுவும் நல்லதே, பழியில்லை. முகமூடி என்று கண்டுபிடித்தவனே அந்த முகமூடியைக் கழற்ற வேண்டாம் என்கிறான்! இலங்கையின் அழிவு இந்தப் பேச்சில் முடிவாகிவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அடுத்தது முதல் நாள் போர். ஆயுதம் இழந்து நின்றவனை ‘இன்று போய்ப் போர்க்கு நாளை வா’ என்று அனுப்பிவிடுகிறான் இராமன். வெறுங்கையோடு இலங்கை புகுந்தவனுக்கு வரும் வெட்கத்தைக் கம்பன் துல்லியமாக அளக்கிறான். வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், தான் எள்ளி நகைத்த பகைவர் எல்லாம் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் அவன் நாணவில்லை. ‘சானகி நகுவள்’ என்றே நாணத்தால் சாம்பிப்போகிறான். மூன்று உலகையும் வென்றவனுடைய பெருமை, சிறைவைத்த ஒரு பெண்ணின் உதட்டோரத்தில் போய் நின்றுவிட்டது. செருக்கு இதைவிடச் சிறுக்க முடியாது.

மூன்றாவது இடம் இந்திரசித்து வருவது. கும்பகருணன் இறந்துவிட்டான், அதிகாயன் இறந்துவிட்டான், வேள்வியும் சிதைந்துவிட்டது. மகன் வந்து சொல்கிறான்: சீதைமேல் உள்ள ஆசையை விட்டால் அவர்கள் சீற்றம் தணிவார்கள், செய்த தீமையையும் பொறுப்பார்கள், ‘உன்மேல் காதலால் உரைத்தேன்’. அச்சத்தால் சொல்லவில்லை, அன்பால் சொல்கிறேன் என்பது இதன் பொருள். இதைவிடக் கண்ணியமான வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. இராவணன் மறுக்கிறான். ஆனால் இந்த முறை காரணம் வேறு. இறந்தவர்கள் இந்தப் பகையை முடித்துத் தருவார்கள் என்று நான் நம்பவில்லை, இருப்பவர்கள் வென்று தருவார்கள் என்றும் நம்பவில்லை, நீ வென்று தருவாய் என்று எண்ணியும் இதைத் தொடங்கவில்லை. ‘என்னையே நோக்கி, யான் இந் நெடும் பகை தேடிக் கொண்டேன்’. அடுத்து, வெல்லாவிட்டாலும் வேதம் உள்ளளவும் இராமன் பேர் நிற்குமானால் என் பேரும் நிற்காதா என்று கேட்கிறான். ‘இன்று உளார் நாளை மாள்வர், புகழுக்கும் இறுதி உண்டோ?’

இந்த இடத்தில் சானகி சிரிப்பாளோ என்ற பயம் இல்லை. பழியைப் பிறர்மேல் போடுவதும் இல்லை. தான் செய்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் ஒருவனின் குரல் இது. முதன்முறையாக அவன் உண்மையிலேயே பெரியவனாகத் தெரிகிறான்.

இத்தோடு நிறுத்திவிட்டால் நாமும் இராவணனின் பேச்சில் மயங்கியவர்கள் ஆவோம். அந்த வரிகளைக் கேட்டுக்கொண்டு நிற்பவன் இந்திரசித்து. ‘உன்னை நம்பி அல்ல’ என்று தகப்பன் சொன்ன பிறகும் போருக்குப் போகப் போகிறவன் அவன்தான். நான் இறந்த பின்னால் என் சொல் நல்லது என்று உணர்வாய் என்று சொல்லித் தேரேறுகிறான், திரும்பவில்லை. தகப்பன் பெருமிதமாகப் பேசிய அந்தப் பேச்சுக்கு விலை மகன் கொடுக்கிறான். என்னையே நோக்கி என்பது மனதளவில் உண்மை. களத்தில் அது உண்மையாக இல்லை.

கம்பன் இரண்டையும் மறைக்கவில்லை. இராவணன் வீழ்ந்த பிறகு வரும் பாட்டு, அவன் சினம் அடங்கியது, மனம் அடங்கியது, ஆற்றல் தேய்ந்தது என்று அடுக்கிக்கொண்டே போய் இப்படி முடிகிறது: ‘மும் மடங்கு பொலிந்தன, அம் முறை துறந்தான் உயிர் துறந்த முகங்கள் அம்மா!’ முறை துறந்தான் என்று தீர்ப்புச் சொல்லும் அதே மூச்சில், முன்னைவிட மும்மடங்கு பொலிந்தன என்ற வியப்பும் வருகிறது. கேள்விக்கு விடை ஒரே வரியில் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

கர்ணன் கதையில் இந்த இரண்டும் இன்னும் தள்ளித் தள்ளி நிற்பதால் பார்ப்பது எளிது. உத்தியோக பருவத்தில் கண்ணன் அவனிடம் பிறப்பு ரகசியத்தைச் சொல்லி, நீயே மூத்தவன், அரசு உனக்கே என்கிறான். கர்ணன் மறுக்கிறான். ராதை பாலூட்டினாள், அதிரதன் தந்தையாக இருந்தான், துரியோதனன் என்னை நம்பிப் போரைத் தொடங்கியிருக்கிறான். மண் முழுவதும் கிடைத்தாலும் சொல் மாற மாட்டேன் என்கிறான். பாண்டவர்கள் வெல்வார்கள் என்று தெரிந்தே சொல்கிறான். துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைப் பற்றிப் பேசிய கடுஞ்சொற்களுக்காக வருந்தவும் செய்கிறான். இதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சில அதிகாரங்கள் தள்ளி, வீரர்களைத் தரம் பிரிக்கும் பீஷ்மர் அவனை அரை ரதன் (பாதித் தேர்வீரன்) என்று சொன்னதும், பீஷ்மர் இருக்கும்வரை வில்லெடுக்க மாட்டேன் என்று பாசறையிலேயே இருந்துவிடுகிறான். போரின் முதல் 10 நாள் போய்விட்டது. யாருக்காக அரசை மறுத்தானோ அந்த நண்பனுக்குத்தான் இந்த இழப்பு! ஒரே மனிதன், சில அதிகாரங்களே இடைவெளி. முன்னதில் அவன் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு பேசியது. பின்னதில் பட்ட காயம் பேசியது. கர்ணனைத் தியாகி என்று மட்டும் கொண்டாடுவோருக்கும் தீயவன் என்று மட்டும் ஒதுக்குவோருக்கும் பாதிக் கர்ணன்தான் கிடைப்பான். சபையில் பாஞ்சாலியை அவமதித்த பேச்சிலும் இந்தப் பின்னைய கர்ணன்தான் வாய் திறந்தான்.

பிறர் கண்ணுக்கு அஞ்சும் செருக்கின் உச்சம் மில்டனின் சாத்தான். 1667இல் வெளிவந்த ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் அவன் முதலில் பேசும் பேச்சுகள் கம்பீரமானவை. சொர்க்கத்தில் அடிமையாக இருப்பதைவிட நரகத்தில் ஆள்வது மேல் என்று அவன் சொன்னதை நாயக வாக்காகவே எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. மில்டன் தன்னை அறியாமலே பிசாசின் கட்சி என்று கவிஞர் பிளேக் எழுதினார். ஆனால் நான்காம் புத்தகத்தின் தொடக்கத்தில் அவன் தனியாக நிற்கும்போது நடப்பதைப் பாருங்கள். மனந்திரும்ப இடமில்லையா என்று தன்னையே கேட்கிறான். தடுப்பது எது? கீழே இருக்கும் தன் கூட்டத்தின் முன் வெட்கப்பட வேண்டுமே என்ற பயம். அவர்களிடம் பெரிதாக வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தவன் அல்லவா. பத்தாம் புத்தகத்தில் ஆதாம் ஏவாளைக் கெடுத்த வெற்றிச் செய்தியோடு திரும்பிக் கைதட்டலுக்காகக் காத்து நிற்கிறான். பாம்புகளாகிவிட்ட அந்தக் கூட்டத்திலிருந்து எழுவது சீறல் மட்டுமே. எதற்கு அஞ்சினானோ அதையே மில்டன் அவன் கையில் கொடுத்துவிட்டார்.

ஈடிபஸ் இதற்கு நேர்மாறான திசை. அவனிடம் முன்கோபம் உண்டு, மைத்துனன் கிரியோன்மேல் வீண் சந்தேகம் உண்டு, விடுகதையை அவிழ்த்த என் அறிவு போதும் என்ற மிதப்பும் உண்டு. சூத்திரக்காரர்கள் பிடித்துக்கொள்வது இவற்றைத்தான். ஆனால் நாடகம் தொடங்கும்போதே கொலையும் நடந்துவிட்டது, திருமணமும் நடந்துவிட்டது. மேடையில் அவன் எவ்வளவு பணிவாக இருந்திருந்தாலும் அவை மாறப்போவதில்லை. அவனுடைய செருக்கு மேடையில் செய்யும் ஒரே வேலை, விசாரணையை நிறுத்தாமல் இருப்பது. மனைவி ஜொகாஸ்டா முதலில் புரிந்துகொண்டு கெஞ்சுகிறாள்: நீ யார் என்பதை நீ அறியாமலே போக வேண்டும். தன் பிறப்பு இழிந்ததாக இருக்குமோ என்று அவள் கூசுகிறாள் என்று அவன் தப்பாக நினைக்கிறான். பிறகு கிழட்டு இடையன், பயங்கரமானதைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன் என்கிறான். நான் அதைக் கேட்கும் விளிம்பில் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்கிறான் ஈடிபஸ். அரசைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் ஒருவன் அந்த இடத்தில் இடையனைப் பொருளும் கொடுத்து அனுப்பிவைத்திருப்பான். தான் அறிவிப்புச் செய்த தண்டனையைத் தனக்கே கேட்டு வாங்கும் மனிதனிடம் இருப்பதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் பாண்டியன் விசாரிக்காமல் கொன்றவன், இவன் விசாரித்துக் கெட்டவன். ஆனாலும் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்ற கணத்தில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த அளவுகோலுக்கு ஒரு சவால் உண்டு. ஷேக்ஸ்பியரின் கொரியொலேனஸ். பணிவே தெரியாத தளபதி. வாக்குக் கேட்பதற்காகத் தன் தழும்புகளை மக்களிடம் காட்டுவதைக்கூட அவமானமாக நினைப்பவன். ரோம் அவனை நாடு கடத்தும்போது, நான் உங்களை நாடு கடத்துகிறேன் என்று கத்திவிட்டுப் போகிறான். பகைவரோடு சேர்ந்து ரோமை எரிக்க வருகிறான். அம்மா வொலும்னியா, மனைவியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்து மண்டியிடுகிறாள். மற்ற நாயகர்கள் மறுக்கும் இடத்தில் இவன் இணங்குகிறான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறான்; பிறகு, நீ ரோமுக்கு வெற்றி தேடிக்கொடுத்தாய், உன் மகனுக்கோ இது உயிர் ஆபத்து என்கிறான். நாடகம் முழுவதிலும் அவன் மிக உயர்ந்து நிற்பது செருக்கை விட்ட இந்த ஒரு கணத்தில். அப்படியானால் செருக்கா அவனை உயர்த்தியது?

ஓரளவுக்கு ஆம் என்பேன். யாரோ ஒரு சாதாரணன் இணங்கியிருந்தால் நாம் கண்டுகொண்டிருக்க மாட்டோம். இணங்கவே தெரியாதவன் இணங்குவதால்தான் அது அவ்வளவு பெரிய செயலாகிறது. செருக்கு இங்கே விட்டுக்கொடுத்ததன் எடையைக் காட்டுகிறது. அதற்குப் பிறகு ஷேக்ஸ்பியர் இரக்கமில்லாமல் பழைய ஆளையும் திரும்பக் கொண்டுவருகிறார். பகைவர் தலைவன் அவுஃபிடியஸ் அவனை ‘அழும் பொடியன்’ என்று ஏசியதும், கொரியோலி நகருக்குள் தனி ஆளாக நுழைந்து உங்களைச் சிதறடித்தவன் நான் என்று, அந்த ஊர் மக்கள் நடுவிலேயே நின்று கத்துகிறான். தங்கள் உறவுகளைக் கொன்றவன் இவன் என்பது அவர்களுக்கு அப்போது நினைவு வருகிறது. அவுஃபிடியஸின் ஆட்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ரோமைக் காப்பாற்றிய விட்டுக்கொடுத்தலும் உயிரைக் கொண்டுபோன வாய்வீச்சும் அடுத்தடுத்து நடக்கின்றன.

செருக்குக்கு விலை கொடுப்பது அந்த ஆள் மட்டுமே என்றால் என்ன ஆகும்? புறநானூற்றில் அப்படி ஒருவன் இருக்கிறான். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனின் வேல் பட்டு முதுகில் புண்ணான சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண் நாணி வடக்கிருந்து உயிர் விடுகிறான். வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனையே பார்த்து, அவன் ‘நின்னினும் நல்லன் அன்றே’ என்று கேட்கிறார். வென்றவன் முன்னால் நின்று தோற்றவனைப் பாடும் துணிச்சல்! ஆனால் இது துன்பியல் அல்ல; கையறுநிலைக்கு அருகில் வரும் புகழ்ச்சி. பாட்டு நமக்குக் காட்டும் இழப்பு அவனுடைய இழப்பு மட்டும்தான். துன்பியலுக்கு ஓர் இந்திரசித்து வேண்டும், ஒரு பத்ரோக்லஸ் வேண்டும். ஹோமரின் இலியட்டில், அரசன் அகமெம்னனின் சமாதானப் பரிசுகளை அக்கிலிஸ் தள்ளிவிட்டதற்கு விலையாகப் போனது அவன் நண்பன் பத்ரோக்லஸின் உயிர். செருக்கு பிறரையும் இழுத்துக்கொண்டு போகும்போதுதான், வியப்பதா வெறுப்பதா என்று நமக்குத் தெரியாமல் போகிறது.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் ஒக்கொன்க்வோவும் (‘Things Fall Apart’ நாவல் 1958இல் வந்தது) இந்த வரிசையில் வருபவனே. தன்னை அப்பா என்று அழைக்கும் பையன் இக்கெமெஃபுனாவை, கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் தானே வெட்டுகிறான். இதில் கைவைக்காதே என்று ஒரு பெரியவர் முன்கூட்டியே சொல்லியும்! இந்தச் செயலை எந்தப் பெருமையாலும் மீட்க முடியாது. ஆனால் கடைசியில் ஒக்கொன்க்வோ தூக்கில் தொங்கும்போது, வெள்ளை அதிகாரியிடம் ‘இந்த ஊரின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவன் இவன், நீங்கள்தான் இவனைத் தற்கொலைக்குத் துரத்தினீர்கள்’ என்று சொல்வது ஒபியெரிக்கா. பையன் கொலையைக் கண்டித்த அதே நண்பன்.

நாயகனைப் பெரியவன் என்று சொல்லும் உரிமையைக் கவிஞர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவருக்கே தருகிறார்கள். சொஃபக்லிஸின் அஜாக்ஸுக்கு அடக்கம் கிடைக்க வாதாடுவது அவன் கொல்ல நினைத்த ஒடிஸியஸ். கொரியொலேனஸின் பிணத்தைத் தோள் கொடுத்துத் தூக்குவது அவுஃபிடியஸ். விசிறிகள் சொல்லும் புகழுக்கு இலக்கியத்தில் மதிப்பில்லை போலும்.

ஆர்தர் மில்லரின் ‘Death of a Salesman’ நாடகத்து வில்லி லோமனை இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாமா என்று 1949இலிருந்தே சண்டை நடக்கிறது. அரசனல்ல, தளபதியல்ல, வேலை போன விற்பனையாளன். பக்கத்து வீட்டு சார்லி வாரம் 50 டாலர் சம்பளத்தில் வேலை தருகிறேன் என்கிறான். வில்லி மறுக்கிறான், ஆனால் அதே சார்லியிடம் கடன் வாங்கிக்கொள்கிறான். இது வீம்புதான், அதுவும் கடன் வாங்கிக் கட்டிய வீம்பு. பிறகு மகன் பிஃப், நாம் இருவரும் டஜன் கணக்கில் கிடைக்கும் சல்லிக்காசு ஆட்கள் என்று உண்மையைப் போட்டு உடைக்கும்போது, ‘நான் சல்லிக்காசு அல்ல, நான் வில்லி லோமன்’ என்று கத்துகிறான். சொல்வதற்கு ஓர் இலங்கை இல்லை, ஒரு வெற்றி இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது. 20,000 டாலர் காப்பீட்டுப் பணத்துக்காக அன்றிரவு காரை எடுத்துக்கொண்டு போய்ச் சாகிறான்; மகனுக்காக என்று நினைத்துக்கொண்டு. கல்லறையில் பிஃப், அப்பாவின் கனவுகள் தவறானவை, தான் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை என்கிறான். யாரும் இந்த மனிதனைக் குறை சொல்லக்கூடாது என்கிறான் சார்லி. மில்லர் யார் பக்கமும் சாயவில்லை. எனக்கு பிஃப் சொல்வது சரி என்றுதான் படுகிறது. ஆனாலும் வில்லியை நாயகர் வரிசையிலிருந்து நீக்க மனம் வராததற்குக் காரணம் சார்லி: வேலை தருகிறேன் என்று வந்து மறுப்பை வாங்கிக்கொண்டு போனவன் அவன்தான், அந்த வீம்பால் அவனுக்கு ஒரு பைசா லாபமும் இல்லை.